கனகரத்தினம் கட்டிய குளம்

வன்னியில் குளம் கட்டிய அரசர்கள் ஆளையும் யானையையும் கூட்டி, வருடக்கணக்கில் மண் சுமக்க வைத்துத்தான் கட்டினார்கள். கனகரத்தினம் தன்னுடைய குளத்தை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள், நீல மையால் கட்டி முடித்தார். அரசர்கள் கட்டியவற்றில் பாதி உடைந்து தூர்ந்து போய்விட்டன. கனகரத்தினத்தின் குளம் இருபத்தெட்டு வருடமாக ஒரு வெடிப்பும் இல்லாமல் கிடக்கிறது. இல்லாத குளம் எப்படி உடையும் என்று கேட்டால், அதுதான் விஷயம்.

அறுபத்தேழாம் ஆண்டு அவருக்கு இருபத்தேழு வயது. அரசாங்க நில அளவைக் கந்தோரில் படவரைஞர் வேலை. நில அளவையாளர்கள் காடு மேடெல்லாம் அலைந்து குறிப்பெடுத்து வருவார்கள். இவர் மேசையில் இருந்து அதை இடவிளக்கப் படமாக வரைவார். அந்த வருடம் வன்னியில் பன்னிரண்டு மைல் அகலமான ஒரு காட்டுத் துண்டின் முறை வந்தது. ஊர் இல்லை, ஒற்றையடிப் பாதை இல்லை. பாலையும் வீரையும் முள்ளுப் பற்றையுமாக ஒரு வறண்ட காடு. ஆனி மாதம் பிறந்தால் ஐப்பசி மழை வரைக்கும் அங்கே நாக்கு நனைக்கத் தண்ணீர் கிடையாது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வெளிநாட்டார் எவரோ விமானத்தில் இருந்து எடுத்த படங்களை வைத்து ஏற்கெனவே கணக்கிட்டு அனுப்பியிருந்தார்கள். மரங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் நடந்து பார்த்து வர வேண்டும்.

நடந்தார்கள், இரண்டு நாள். இரண்டாம் நாள் அளவைச் சங்கிலி பிடிக்கிற ஆளின் தொடையைக் கரடி ஒன்று கீறிவிட்டது. மூன்றாம் நாள் எல்லோரும் திரும்பி வந்து வாடி வீட்டில் படுத்து, ஒன்பது நாள் மான் வற்றல் தின்று சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடி, குறிப்புப் புத்தகத்தோடு கந்தோருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் குறிப்பின்படி வரைந்தபோது காட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம் மிஞ்சியது.

"வெள்ளையா விட்டால் மேலிடம் கேள்வி கேக்கும். ஏதாவது போடும் தம்பி," என்றார் நில அளவையாளர். அவர் கரடியைக் கண்ணால் கண்டவர். அவரோடு வாதாட முடியாது.

வன்னியில் ஏதாவது போடுவதென்றால் குளத்தைத் தவிர வேறு என்ன போடுவது? கனகரத்தினம் மாங்காய் வடிவில் ஒன்றை வரைந்தார். குளக்கட்டுப் போட்டார், தண்ணீர் திறந்துவிடத் துருசு போட்டார், மிஞ்சிய தண்ணீர் வழிய வான் போட்டார். சுற்றிவர முழுக் கோடு. முறிந்த கோடு போட்டால் கோடையில் வற்றுகிற குளம் என்று அர்த்தம். வற்றுகிற குளம் படத்துக்கு அழகில்லை. கிழக்குப் பக்கத்தில் காட்டின் பெயர் அச்சுப்போல எழுதியாகிவிட்டபடியால் கட்டை மேற்குப் பக்கம் வைத்தார். எழுத்தின் மேல் கோடு இழுக்கிறவன் படவரைஞன் அல்ல. நில அளவையாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து, "நல்ல வடிவு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படத்தின் கீழ் ஓரத்தில் கனகரத்தினத்தின் பெயரும் எறும்பளவு எழுத்தில் ஏறியது. அதன்பிறகு அவர் கல்யாணம் கட்டினார், மகள் பிறந்தாள், தலை நரைத்தது. குளத்தை மறந்தே போனார்.

குளம் அவரை மறக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் இராணுவம் அவரை வீட்டில் வைத்துப் பிடித்தது. முகாமில் அதிகாரி மேசை மேல் அந்தப் படத்தை விரித்து வைத்திருந்தார். நாற்பது சிப்பாய்கள் காட்டைக் கடக்க வேண்டும். ஆறாம் மைலில் இந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே போவது திட்டம். படத்தை வரைந்த ஆளே கையில் கிடைத்திருக்கும்போது வேறு வழிகாட்டி எதற்கு? விடியக் காலை நீ முன்னால் நட என்றார்கள். ஆறாம் மைலில் என்ன இருக்கும் என்பது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அன்றைக்கே முகாம் வேலிக்குக் கீழால் புகுந்து அதே காட்டுக்குள் ஓடினார். மூன்று நாள் பாலைப்பழம் தின்று, பிள்ளையார் புண்ணியத்தில் மறுபக்கம் வந்து விழுந்தார். அங்கே மற்றப் பக்கத்தாரான இயக்கத்தின் காவலரணில் அவரைப் பிடித்து விசாரித்த பெடியனின் சட்டைப் பையிலும் அதே படத்தின் பிரதி ஒன்று மடித்துக் கிடந்தது. அதற்கு மேல் அவர் அந்த நாட்டில் நிற்க விரும்பவில்லை.

அப்படித்தான் அவர் சுவிற்சர்லாந்துக்கு வந்து, கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவர் ஆனார். அகதி விசாரணையில் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார், ஒன்றைத் தவிர. ஏன் ஓடினாய் என்று கேட்டதற்கு, படுகொலைக்கு வழிகாட்ட மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார். கேட்பதற்கு நன்றாக இருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சந்தையில் வாங்கிய பழைய மலைப்படம் ஒன்றோடு நடக்கப் போவார். காற்று வாங்கப் போகவில்லை. பிழை பிடிக்கப் போனார். படத்தில் தனியாக ஒரு வைக்கோல் கொட்டில் இருந்தால் மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பார்ப்பார். கொட்டில் இருக்கும். ஓர் ஊற்று என்று போட்டிருந்தால் அங்கே தண்ணீர் ஒழுகும். பாறை என்றால் பாறை. முதல் வருடம் அவருக்கு வியப்பாக இருந்தது. இரண்டாம் வருடம் எரிச்சல் வந்தது. மூன்றாம் வருடம், இப்படிப்பட்ட சனங்கள்தான் தன்னுடைய கோப்பைப் படிக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து பாதி வழியிலேயே திரும்பத் தொடங்கினார்.

பயந்தது சரியாகத்தான் போயிற்று. தொண்ணூற்றைந்து வைகாசியில் மறுப்புக் கடிதம் வந்தது. அவரோடு ஒரே அறையில் இருந்த யேசுதாசன்தான் அதை வாசித்துச் சொன்னான். அவன் வந்து ஏழு வருடம், ஜெர்மன் நன்றாகத் தெரியும். அதே சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவன்.

"அண்ணை, உங்கடை கதையிலை ஒரு ஓட்டை இருக்காம்."

"என்ன ஓட்டை?"

"மூண்டு நாள் தண்ணி காணாமல் நடந்தன் எண்டு சொல்லியிருக்கிறியள். நீங்கள் நடந்த வழியிலை, அரை மைல் தள்ளிப் பெரிய குளமொண்டு படத்திலை கிடக்காம். இருபது வருசத்துக்கு மேலை படம் கீறின ஆளுக்கு அது தெரியாமப் போகுமோ எண்டு கேக்கிறாங்கள். வாழ்க்கை அனுபவத்துக்கு முரணாம். ஆனபடியால் நீங்கள் அந்தக் காட்டுக்குள்ளை கால் வைக்கவே இல்லையாம். ஆமி பிடிச்சதும் பொய்யாம்."

கனகரத்தினம் கட்டிலில் இருந்துவிட்டார். பிறகு, இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றி ஒருவருக்குச் சொன்னார். யேசுதாசன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது.

"இதை மட்டும் அங்கை போய்ச் சொல்லிப்போடாதேங்கோ. இவங்கள் கடவுளை நம்பாட்டிலும் படத்தை நம்புற ஆக்கள். அரசாங்கப் படத்தையே பொய்யாக் கீறினவன் வேறை எதைத்தான் உண்மையாச் சொல்லுவான் எண்டு கேப்பாங்கள். குளம் வத்திப்போய்க் கிடந்தது எண்டு சொல்லுங்கோ. ஆடி மாசம் வன்னியிலை குளம் வத்துறது புதினமோ? ஒரு சொல்லு. அலுவல் முடிஞ்சுது."

மேன்முறையீடு போட்டார்கள். மறுவிசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. இதிலும் தோற்றால் அடுத்தது விமான நிலையம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின வருடத்தில் இருந்து மறுக்கப்பட்டவர்களைக் கொழும்புக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். முகாமில் இருந்து தப்பி ஓடியவன் என்று அங்கே ஒரு கோப்பு அவருக்காகக் காத்திருந்தது. அவருடைய மனைவி ஞானேஸ்வரியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் ஐந்து வருடமாக அவர் கூப்பிடுவாரென்று பெட்டியைக் கட்டியபடி இருந்தார்கள்.

கூரில் இருந்து பேர்னுக்கு ரயிலில் போகிற வழியெல்லாம் அவர் அந்த ஒரு சொல்லையே பாடமாக்கினார். வத்திப் போச்சு. வத்திப் போச்சு. சூரிச்சில் ரயில் மாறும்போது ஒரு தடவை வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற கிழவி தள்ளிப்போய் நின்றாள்.

விசாரணை அறையில் நாலு பேர். அதிகாரி ஹெர் லூத்தி, ஐம்பது வயது, வெயிலில் கறுத்த முகம், மலையேறுகிறவர்களின் கை. மூலையில் தட்டச்சுக்கு ஒருவர். தொண்டு நிறுவனத்தின் சார்பில் சாட்சியாக ஓர் இளம்பெண். மொழிபெயர்ப்பாளராக பீல் நகரத்தில் இருந்து வந்த யசோதரா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்வேன், கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று அவள் ஆரம்பத்திலேயே இரண்டு மொழியிலும் சொன்னாள்.

ஹெர் லூத்தி எதுவும் கேட்பதற்கு முன்னால் மேசையில் ஒரு படத்தை விரித்தார். எந்த நூலகத்தில் பிடித்தாரோ, அறுபத்தேழாம் ஆண்டு முதல் பதிப்பு. தொலைந்த பிள்ளையை இன்னொருவர் வீட்டு விறாந்தையில் கண்டவர் மாதிரிக் கனகரத்தினம் கதிரையில் இருந்து அரைவாசி எழும்பிவிட்டார்.

"இது உங்கள் பெயரா?" என்று ஓரத்தில் இருந்த எறும்பைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

"ஓம்."

"இந்த எழுத்துகளைக் கையால் எழுதினீர்களா? அச்சுத் தாள் ஒட்டவில்லையா?"

"எல்லாம் கையாலைதான்."

யசோதரா சொன்னதைக் கேட்டு ஹெர் லூத்தி தலையை ஆட்டினார். தான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர் என்றும், மற்றவர்கள் நாவல் படிப்பது போல் தான் படுக்கையில் படம் படிப்பதாகவும், வெப்ப நாட்டுப் படங்களில் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நாலு வருடமாகக் கனகரத்தினத்தின் கைகளைப் பற்றி இந்த நாட்டில் எவராவது பேசியிருந்தால், அது கையுறை போடச் சொல்லித்தான். வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"அப்படியானால் இந்தக் குளம்," என்று அதிகாரியின் விரல் மாங்காய் மேல் வந்து நின்றது. "இதில் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?"

"வத்திப் போச்சு."

எவ்வளவு பாடமாக்கிய சொல்! தடங்கலில்லாமல் வந்தது. ஹெர் லூத்தியின் விரல் படத்தை விட்டுக் குறியீட்டுப் பெட்டிக்கு நகர்ந்தது. "முழுக் கோடு என்றால் எக்காலமும் நீர் உள்ள குளம். முறிந்த கோடு என்றால் கோடையில் வற்றும் குளம். நீங்கள் முழுக் கோடு போட்டிருக்கிறீர்கள். குறியீட்டைப் பிழையாகப் போட்டுவிட்டீர்களா?"

ஓம், பிழை என்று சொன்னால் முடிந்தது. புத்தியுள்ளவன் சொல்லியிருப்பான். புத்தி குறைந்தவன்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் எதிரில் இருந்தது இந்த நாட்டிலேயே முதல் முதலாக அவரைப் படவரைஞர் என்று மதித்த மனிதர். அவர் முன்னால், முழுக் கோட்டுக்கும் முறிந்த கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று நிற்பதா? கந்தோரில் முதல் மாதப் பெடியன்கூட அந்தப் பிழையை விடமாட்டான். கள்ளன் என்று பெயர் எடுக்கலாம், வேலை தெரியாதவன் என்று பெயர் எடுக்கலாமோ?

"பிள்ளை, அவருக்குச் சொல்லும்," என்றார் கனகரத்தினம், முதுகை நிமிர்த்தி. "நான் குறியீடு பிழைவிடுற ஆள் இல்லை. அந்தக் குளம் வத்தயில்லை. அந்தக் குளமே இல்லை. நான்தான் இல்லாததைக் கீறினனான்."

யசோதரா அவரைப் பார்த்தாள். "ஐயா, இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்பிடியே சொல்லும்."

பிறகு எல்லாம் வந்தது. கரடி, மான் வற்றல், வெள்ளை இடம், நாற்பது சிப்பாய்கள், ஆறாம் மைல். மனச்சாட்சி ஒன்றும் இல்லை, இல்லாத குளத்துக்குக் கூட்டிப் போனால் அந்த இடத்திலேயே சுட்டிருப்பார்கள் என்று பயந்துதான் ஓடினேன் என்றார். தட்டச்சுக்காரர் இரண்டு தடவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஹெர் லூத்தி இன்னொரு படத்தை எடுத்து முதலாவதன் மேல் விரித்தார். எண்பத்தைந்தாம் ஆண்டு, மூன்றாம் பதிப்பு. கனகரத்தினம் குனிந்து பார்த்தார். குளம் அங்கேயே இருந்தது. ஆனால் இப்போது அதற்கு வன்னியன்வெளிக்குளம் என்று ஒரு பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஒரு வண்டில் பாதை. பாதை முடிகிற இடத்தில் இரண்டு வீடு, ஒரு கோயில்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தனக்குப் பிறகு வந்தவர்களும் கரடிக்குப் பயந்தவர்கள்தான். குளம் இருந்தால் பாதை இருக்கத்தானே வேண்டும் என்று ஒருவர் பாதை போட்டிருக்கிறார். பாதை ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன் போகிறது என்று கேட்டு அடுத்தவர் வீடு வைத்திருக்கிறார். கோயில் இல்லாத ஊரில் யார் குடியிருப்பார்கள்? எல்லோரும் நல்ல மனிதர்கள். ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மூன்று பதிப்பு," என்றார் அதிகாரி. குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது. "ஒவ்வொன்றிலும் நேரில் பார்த்துச் சரிபார்த்தது என்று அச்சிட்டிருக்கிறது. பதினெட்டு வருடமாக ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பொய் சொன்னார்கள், நீங்கள் மட்டும் இன்றைக்கு உண்மை சொல்கிறீர்கள். அப்படித்தானே?"

"ஓம்," என்றார் கனகரத்தினம். தன் காதுக்கே அது நம்பத் தகுந்ததாகப் படவில்லை.

மதிய இடைவேளை விட்டார்கள். அவர் அறைக்கு வெளியே நடையில் ஒரு மர வாங்கில் இருந்தார். யேசுதாசன் கட்டித் தந்த சோற்றைத் திறக்க மனம் வரவில்லை. யசோதரா தூரத்தில் கோப்பி இயந்திரத்தடியில் நின்றாள். வழக்குக்காரரோடு கதைக்கக் கூடாது என்பது அவளுக்குச் சட்டம். ஞானேஸ்வரிக்கு என்ன சொல்வது என்று அவர் யோசித்தார். குளத்தை வத்தவிட மனமில்லாமல் உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டேன் என்று சொல்வதா? தன்மேல் அவருக்கு அப்போது வந்த வெறுப்புக்கு அளவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தபோது ஹெர் லூத்தியும் சாப்பிடப் போகாமல் மேசையிலேயே இருப்பது தெரிந்தது. கையில் ஒரு பூதக் கண்ணாடி.

ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டபோது அதிகாரியின் முகம் வேறாக இருந்தது. மலை உச்சியைத் தொட்டுவிட்டு வந்தவரின் முகம். மூன்றாம் பதிப்பை மடித்து ஒதுக்கிவிட்டு முதல் பதிப்பை முன்னால் இழுத்தார்.

"பெயர், பாதை, கோயில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்," என்றார். "நிலத்தின் உயரத்தைக் காட்டும் மண்ணிறக் கோடுகளை மட்டும் படித்தேன். இந்தச் சமவுயரக் கோடுகள் யாருடையவை?"

"விமானப் படத்திலை இருந்து வந்தது. நான் மேலாலை பிரதி எடுத்தது மட்டும்தான்."

"ஆகவே அவை சரி. பாருங்கள், காடு மேற்கில் உயர்ந்து கிழக்கே சரிகிறது. உங்கள் குளத்தின் மேற்குக் கரை இந்தக் கோட்டில் இருக்கிறது. கிழக்குக் கரை இதோ, இந்தக் கோட்டில். ஒரு கரைக்கும் மறு கரைக்கும் நாற்பது அடி உயர வித்தியாசம். தண்ணீர் சுவரில் மாட்டிய கண்ணாடி மாதிரித் தொங்கினால்தான் இது முடியும்." அவருக்குச் சிரிப்பு வந்தது. "அதைவிட, கட்டு மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது! எந்த மனிதனும் மேட்டுப் பக்கத்தில் அணை கட்டமாட்டான். ஒரு மழைத் தண்ணீர் அரை மணித்தியாலம் நிற்காது. ஆகவே இதை எவரும் கட்டவில்லை. ஆகவே இந்தக் குளம் இல்லை. திரு. கனகரத்தினம், நான் உங்களை நம்புகிறேன்."

தொண்டு நிறுவனப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். யசோதரா தமிழாக்கிச் சொல்லும்போது அவள் குரலே இளகியிருந்தது. தட்டச்சுக்காரருக்குக்கூட முகம் மலர்ந்தது. அறையில் சிரிக்காதவர் ஒருவர்தான்.

கனகரத்தினத்தின் காது மடல் சிவந்திருந்தது. "பிள்ளை," என்றார், "அவர் பிழையா வாசிச்சிட்டார். கிழக்குப் பக்கம் ஒரு மேடு இருக்கு. சின்ன மேடு, ரெண்டு கோட்டுக்கு இடையிலை விழுந்து படத்திலை தெரியாமப் போயிருக்கும். அதுக்குத் தக்க மாதிரித்தான் நான் போட்டனான். தண்ணி நிக்கும். அதை அவருக்கு விளங்கப்படுத்தும்."

யசோதரா குரலைத் தாழ்த்தி, "ஐயா, இல்லாத குளத்துக்கோ நீங்கள் வழக்காடுறியள்?" என்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹெர் லூத்தி.

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்ற பிள்ளை ஒரு கணம் மேசையைப் பார்த்தாள். "யோசிக்கிறார்," என்று ஜெர்மனில் சொன்னாள். அவ்வளவு ஜெர்மன் கனகரத்தினத்துக்கும் தெரியும்.

"நிலத்தின் சரிவைக் கவனிக்கத் தெரியாமல் வரைந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று அதிகாரி அன்பாகவே கேட்டார்.

மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்த காடு இதைவிட இலேசு என்று அவருக்குப் பட்டது. காலையில் தனக்குத் திரும்பக் கிடைத்த தொழில், மத்தியானத்துக்குப் பிறகு தன் வாயாலேயே போகப் போகிறது. கொழும்பு லொட்ஜில் கட்டி வைத்த பெட்டி நினைவுக்கு வந்தது.

"ஓம்," என்றார்.

வாக்குமூலத்தை வரிவரியாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். குளத்தைச் சரிவில் வரைந்தது என் அறியாமையால் என்ற வரி வந்தபோது கனகரத்தினம் கையை உயர்த்தினார்.

"அறியாமை எண்டதை அவசரம் எண்டு மாத்தேலாதோ?"

யசோதரா இதை மொழிபெயர்த்தாள். ஹெர் லூத்தி மறுத்தார். அவசரம் என்றால் தெரிந்துகொண்டே செய்தது போல் ஆகிவிடும், கோப்பில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது, அறியாமைதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்றார். கனகரத்தினம் கையெழுத்துப் போட்டார். பதினாலு பக்கத்திலும் போட்ட கையெழுத்துகளில் அந்தப் பக்கத்துக் கையெழுத்துத்தான் சிறியது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தஞ்சம் தரப்பட்டது, மனைவியும் மகளும் வரலாம். யேசுதாசன் காரணப் பகுதியை மூன்று தடவை வாசித்தான், மூன்று தடவையும் கட்டிலில் விழுந்து சிரித்தான். "அண்ணை, கேளுங்கோ. விண்ணப்பதாரரின் தொழில் அறிவுக் குறைவு நம்பத்தக்க முறையில் நிறுவப்பட்டுள்ளது. இதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேணும்." கூரில் இருந்த தமிழர் பலர் வந்து, என்ன சொல்லி எடுத்தீங்கள் என்று இரகசியமாகக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னன் என்றார் கனகரத்தினம். கெட்டிக்காரன், வாயைத் திறக்கிறானில்லை என்று போய்விட்டார்கள்.

ஞானேஸ்வரி வருவதற்கு முந்தின சனிக்கிழமை, அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்க அவர் சூரிச்சுக்குப் போனார். லங்ஸ்ற்றாஸ தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானச் சனம். ஒரு மேசையில் யசோதரா தனியாக இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

"இருங்கோ ஐயா. முடிவு வந்ததாம், சந்தோசம். வழக்கு முடிஞ்சுது, இனிக் கதைக்கலாம்." தேநீருக்குச் சொன்னாள். "அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் மொழிபெயர்க்காமல் விட்டிட்டன். ஆறு வருசத்திலை அப்பிடி ஒரு நாளும் செய்ததில்லை. எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ளை குத்துது. உண்மையாய்ச் சொல்லுங்கோ, அந்தக் குளத்திலை தண்ணி நிக்குமோ?"

"நிக்காமல்!" என்றார் கனகரத்தினம். இந்தக் கேள்விக்காகவே மாதக்கணக்காகக் காத்திருந்தவர் மாதிரி, தட்டுக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தை இழுத்து, சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். "அவர் படிச்ச மனுசன்தான். ஆனால் அந்தக் காடு அவருக்குத் தெரியாது. இஞ்சை பாரும்."

சமவுயரக் கோடுகளைப் போடத் தொடங்கினார். வருடங்கள் போயும் கைக்கு மறக்கவில்லை. மேற்கே உயர்ந்த முதல் கோடு, அதன் வளைவு, அதற்குக் கீழே இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து தானாக விழுந்தது. பிறகு குளம். பிறகு கட்டு. கடைசியாகக் கிழக்குப் பக்கத்து மேட்டுக்காகப் பேனாவைக் கொண்டு போனார். பேனா அங்கே நின்றுவிட்டது.

வாய் சொன்ன மேட்டைக் கை அறியவில்லை. நாலாவது கோடும் ஐந்தாவது கோடும் நேராகக் கிழக்கே சரிந்து இறங்கின. அங்கே ஒரு மேடும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் ஓடியே போயிருக்கும். லூத்தி சொன்னது சரி. பதினாலு பக்க வாக்குமூலத்திலும் உயிருக்காகத் தான் சொல்லித் திருத்தாமல் விட்ட ஒரே பொய், சரிவு தெரியாமல் வரைந்ததாக ஒத்துக்கொண்ட அந்த ஓம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதுவும் உண்மையாகிவிட்டது.

யசோதரா காகிதத்தின் மேல் குனிந்தாள். "எங்கை ஐயா அந்த மேடு?"

கனகரத்தினம் பேனாவை உயர்த்தினார். கிழக்குக் கரையோரம், நாலாவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் நடுவில், மேட்டின் குறியாகச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். அதற்குள் இன்னும் சின்னதாக இன்னொன்று. கோடு நல்ல வடிவாகவே வந்தது.

"இந்தா," என்றார். "நிக்கும் பிள்ளை. மாரியிலை வான்கூடப் பாயும்."